ஊட்டிப் பனியில் உதட்டைக் காப்பாற்றுவது எப்படி

மதுரையில் வளர்ந்த எனக்கு உதட்டு வெடிப்பு என்பது மார்கழியில் நாலு நாள் வந்து போகிற விஷயம். கல்யாணமாகி ஊட்டிக்கு வந்த முதல் தை மாதத்தில்தான் அதன் வலி தெரிந்தது. தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனி படிந்து வெள்ளையாகக் கிடந்த ஒரு காலையில், கொட்டாவி விட்டதும் கீழுதடு நடுவில் பிளந்து ரத்தம் வந்துவிட்டது. தொங்கிய தோலைப் பிய்த்தேன். காயம் ஆழமாகி, ஆற பத்து நாளுக்கு மேல் ஆனது. தோல் உரிந்தால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஒற்றினால் ஊறி, தானாக விழும். வெடித்த உதட்டில் சர்க்கரை வைத்துத் தேய்ப்பதும் வேண்டாம்.

உதட்டில் மற்ற இடத்துத் தோல் போல எண்ணெய் சுரப்பதில்லை, மேல்தோலும் மெல்லியது. அதனால் உள்ளே இருக்கிற ஈரம் சீக்கிரம் போய்விடும். காய்ந்தால் நாக்கால் தடவத் தோன்றும். அதுதான் பெரிய கெடுதல். எச்சில் ஆவியாகும்போது உதட்டை இன்னும் காய வைக்கும், உணவைச் செரிக்க வைக்கிற அதன் நொதிகள் மெல்லிய தோலையும் அரிக்கும். என் மகனுக்கு ஒரு குளிர்காலம் முழுக்க வாயைச் சுற்றிச் சிவப்பு வளையமே இருந்தது. "நக்காதே" என்று அதட்டிப் பயனில்லை. சட்டைப் பையில் ஒரு லிப் பாம் போட்டுவிட்டு, "நாக்கு போகத் தோணும்போது இதைத் தடவுடா" என்றேன். இரண்டு வாரத்தில் வளையம் மறைந்தது.

லிப் பாம் உதட்டுக்கு ஈரம் தராது, இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கும். ஆகவே முகம் கழுவி, உதட்டில் லேசாக ஈரம் இருக்கும்போதே தடவ வேண்டும். சாப்பிட்ட பிறகு ஒரு முறை, படுக்கும்முன் தாராளமாக ஒரு முறை. மணமில்லாத சாதாரண வாசலினே போதும். தடவியதும் ஜில்லென்றோ சுருக்கென்றோ இருக்கிற மெந்தால், கற்பூரம், இலவங்கப்பட்டை கலந்ததை வெடித்த உதட்டுக்கு வாங்காதீர்கள். எரிகிறது என்றால் வேலை செய்கிறது என்று நானும் நம்பியிருந்தேன். அது உதட்டைப் புண்ணாக்குகிறது என்றுதான் அர்த்தம்.

வீட்டில் செய்ய, துருவிய தேன்மெழுகு ஒரு ஸ்பூன், தேங்காய் எண்ணெய் நாலு ஸ்பூன். சின்ன டம்ளரில் போட்டு, கொதிக்கிற நீருள்ள பாத்திரத்தில் இறக்கி வையுங்கள். மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், நேரடித் தீ வேண்டாம். உருகியதும் குளிர்ந்த ஸ்பூனில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பாருங்கள். விரலால் தேய்த்தால் வெண்ணெய் மாதிரி வழுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், அதனால் ஊட்டிக்கு இந்த அளவு சரி. மதுரையில் இருக்கிற அம்மாவுக்கு அனுப்பும்போது எண்ணெயை மூன்று ஸ்பூனாகக் குறைப்பேன், இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் டப்பாவில் ஒழுகிக் கிடக்கும். ஒரு சொட்டுத் தண்ணீரும் சேரக்கூடாது, கெட்டுப்போகும். எலுமிச்சைச் சாறும் வேண்டாம்.

இந்த வீட்டு பாம் வெயிலைத் தடுக்காது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்று குளிர்ந்தாலும் புறஊதாக் கதிர் கீழ்நாட்டை விட இங்கே கடுமை. பகலில் வெளியே வேலை பார்ப்பவர்கள் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30 உள்ள லிப் பாம் வாங்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தடவுங்கள்.

இரண்டு மூன்று வாரம் இதையெல்லாம் செய்தும் ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். கீழுதட்டில் ஒரே இடத்தில் ஆறாத புண்ணோ தடிப்போ இருந்தால், முக்கியமாகப் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், தள்ளிப்போடவே கூடாது. வாயோர வெடிப்பும் வேறு சங்கதி. என் மாமியாருக்கு இரண்டு ஓரமும் மாறி மாறி வெடித்தபோது நான் பாமையே தடவிக்கொண்டிருந்தேன். அது பூஞ்சைத் தொற்று என்று டாக்டர் சொல்லி களிம்பு கொடுத்தார். ராத்திரி பல்செட்டைக் கழற்றிக் கழுவி வைக்கவும் சொன்னார். அதன்பிறகுதான் அத்தையால் வாய் திறந்து காரக்குழம்பு சாப்பிட முடிந்தது.