வெளிநாட்டு வாலிபர் முகாமுக்கு ஊழியக் குழுவாகப் போகிறவர்களுக்கு

முகாம் அங்குள்ள சபையினுடையது. வெளியிலிருந்து போகிற குழு அவர்களுக்குக் கீழே நின்று உதவப் போகிறது. இதைக் குழுவில் எல்லாரும் முதலிலேயே ஒத்துக்கொண்டால் பல சிக்கல்கள் தலைதூக்காது. ஆகையால் நிகழ்ச்சிகளை யோசிக்கும் முன்பு, ஆறு மாதம் இருக்கும்போதே, முகாம் பொறுப்பாளரிடம் கேளுங்கள்: எத்தனை பேர், என்ன வயது, சபைக்கே புதியவர்கள் எத்தனை பேர், எந்தெந்த வேளைகளை நாங்கள் எடுக்க வேண்டும், முகாம் முடிந்தபின் இவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள்? கடைசிக் கேள்விக்கு ஆளின் பெயரோடு பதில் வரும்வரை டிக்கெட் போடாதீர்கள். இரவு ஜெபத்தில் கண்ணீரோடு முன்வருகிற ஒருவரை அடுத்த வாரம் தேடிப் போக ஆள் இல்லையென்றால், அந்த முகாமை நடத்தாமல் இருப்பதே நல்லது.

60 பேர் கூடும் முகாமுக்கு 6 முதல் 8 பேர் போதும். அதற்கு மேல் போனால் உள்ளூர்த் தலைவர்கள் பின்வரிசைக்குத் தள்ளப்படுவார்கள்; விருந்தாளிகளைக் கவனிப்பதிலேயே அவர்கள் நேரம் கரையும். பணத்துக்கு ஒருவர், மருந்துக்கு ஒருவர், ஆவணங்களுக்கு ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. விசாவில்தான் அதிகம் பேர் இடறுகிறார்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கிப்பது பல இடங்களில் விசா நிபந்தனையை மீறுவதாகும். சில நாடுகளில் தனிச் சட்டமே உண்டு. ரஷ்யாவில் 2016 முதல் ஊழியத்துக்கு அங்கே பதிவுபெற்ற மத அமைப்பின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி ஒருவரை மதம் மாற்றுவது ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். “மத முகாமில் பேசலாமா, எந்த விசாவில்?” என்று தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலின் நகலைக் கையில் வைத்திருங்கள். குடியேற்ற அதிகாரியிடம் உண்மையை மறைக்க வேண்டாம். குழு திரும்பி வந்துவிடும். விசாரணைக்கு நிற்க வேண்டியது உள்ளூர்ப் போதகர்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படும் நாடென்றால் குறைந்தது 10 நாளுக்கு முன் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். முன்பு போட்டவர்கள் மறுபடி போட வேண்டியதில்லை, 2016 முதல் அது ஆயுளுக்கும் செல்லும். மாத்திரைகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கேபின் பையில் வையுங்கள். பவர் பேங்கும் கேபின் பையில்தான். தனி அனுமதி இல்லாமல் 100 வாட்-அவர் வரை, அதாவது சுமார் 27,000 எம்ஏஎச் வரை கொண்டுபோகலாம்.

இனி மேடை. செய்திக்கு 40 நிமிடம் கொடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது 20 நிமிடம்கூட இல்லை, மீதி மொழிபெயர்ப்பாளருக்கு. குறிப்பை ஒரு வாரத்துக்கு முன்பே அவருக்கு அனுப்புங்கள். வசனங்களைத் தனியாக எழுதிக் கொடுங்கள், ஏனெனில் எல்லா வேதாகமங்களிலும் சங்கீதங்களின் எண் ஒன்றல்ல. “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” நமக்கு 23ஆம் சங்கீதம், ரஷ்யர்கள் பரவலாக வாசிக்கும் சினோடல் மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் 22. மேடையில் நின்று எண்ணை மட்டும் சொன்னால் கூட்டம் முழுக்க வேறு சங்கீதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முழிக்கும்.

பேசும்போது ஒரு வாக்கியத்தை முழுதாக முடித்துவிட்டு நிறுத்துங்கள். பாதியில் நிறுத்தினால் வினை எதுவென்று தெரியாமல் மொழிபெயர்ப்பாளரால் தொடங்கவே முடியாது. மூன்று நான்கு வாக்கியங்களைச் சேர்த்துச் சொன்னால் நடுவில் உள்ளது விழுந்துவிடும். சிலேடை, எதுகை, உங்கள் ஊர் நகைச்சுவை எதுவும் கடல் தாண்டாது. கண் கூட்டத்தைப் பார்க்கட்டும், மொழிபெயர்ப்பாளரை அல்ல. ஜெபத்துக்கும் இதே ஒழுங்குதான்; உணர்ச்சிவசப்பட்டு நீளமாக ஜெபித்தால் கேட்கிறவர்கள் ஆமென் சொல்ல முடியாமல் நிற்பார்கள்.

இருபது வயதுக்காரர்களிடம் சிறுவர் முகாமின் செய்கைப் பாட்டும் நாடகமும் எடுபடாது. வேலை, திருமணம், பெற்றோரோடு மோதல், பதில் வராத ஜெபம் என்று அவர்கள் கேள்விகளோடு வருகிறார்கள். கர்த்தர் உங்கள் வாழ்வில் செய்ததைச் சொல்லும் சாட்சியை 5 நிமிடத்துக்குள் சொல்லி, மீதி நேரத்தைச் சிறுகுழுவுக்கு விடுங்கள். குழுவுக்கு 8 பேர், நடத்துவது உள்ளூர்த் தலைவர், நீங்கள் பக்கத்தில் அமர்ந்து கேட்பவர். அவர்கள் மொழிப் பாடல் இரண்டையாவது போகும் முன்பே கற்றுக்கொள்ளுங்கள்.

இயேசு பன்னிருவரை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் (மாற்கு 6:7). முகாமிலும் தனியாக யாரோடும் அறையில் இருக்க வேண்டாம். ஆலோசனைப் பேச்சு மற்றவர்கள் பார்க்கும் இடத்தில் நடக்கட்டும். குழுவில் ஒருவரும் முகாமுக்கு வந்தவரோடு காதல் உறவு தொடங்கக் கூடாது என்பதை எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். படிப்புச் செலவுக்கோ விசாவுக்கோ உதவுவதாக வாய்தவறியும் சொல்லாதீர்கள். கொடுக்க மனமிருந்தால் சபைப் பொருளாளர் கையில், ரசீதோடு. மதச் சட்டம் கடுமையான நாட்டில் எடுத்த முகப் படங்களைத் திரும்பிய பிறகும் இணையத்தில் போட வேண்டாம், அங்குள்ள போதகர் சரி சொல்லும்வரை.

திரும்பிய இரண்டு வாரத்துக்குள் கணக்கையும், முன்வந்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் பொறுப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு எழுதுகிற வாலிபர்களுக்கு அன்பாகப் பதில் சொல்லி, அவர்களுடைய சிறுகுழுத் தலைவரிடம் அனுப்புங்கள். மலேரியா உள்ள பகுதிக்குப் போனவர்கள் தடுப்பு மாத்திரையை மருத்துவர் சொன்ன நாள் வரை விடக்கூடாது. டாக்ஸிசைக்ளின் என்றால் அந்தப் பகுதியை விட்டுக் கிளம்பிய பிறகும் நான்கு வாரம். அதற்குப் பின் பல மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.