மீனின் லத்தீன் பெயரை ஆங்கிலமாக வாசிக்காதீர்கள்

கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ கலர் மீன் கடைக்குப் போய் ஃபைட்டர், ஏஞ்சல், சக்கர் என்று கேட்டால் போதும், மீன் கைக்கு வந்துவிடும். கடையில் இல்லாத ஒரு டெட்ரா மீனையோ தொட்டிச் செடியையோ சென்னை கொளத்தூரிலிருந்து ஃபோனில் சொல்லி வரவழைக்கும்போதுதான் சிக்கல். சக்கர் என்ற ஒரே பெயரில் பல இனங்கள் விற்கின்றன. அங்கே லத்தீன் வடிவில் இருக்கும் அறிவியல் பெயர்தான் கைகொடுக்கும். அதைத் தப்பாகச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்குப் புரியாது.

நம்மிடம் அதிகம் நடக்கிற தவறு, ஆங்கில எழுத்தில் இருக்கிறதே என்று ஆங்கிலமாகவே வாசித்துவிடுவது. ஏஞ்சல் மீனின் பெயர் டெரோஃபில்லம் ஸ்கலாரே. பலர் அதை 'ஸ்கேலர்' என்று முடித்துவிடுகிறார்கள். செடிகளில் கிரிப்டோகோரினே, 'கிரிப்டோகொரைன்' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் கடைசி 'ஈ' பெரும்பாலும் ஊமை எழுத்து. லத்தீனில் அப்படி இல்லை, அது ஒலித்தே ஆக வேண்டும். லத்தீனில் உயிரொலி ஐந்து: அ, எ, இ, ஒ, உ. ஒவ்வொன்றுக்கும் குறிலும் நெடிலும் உண்டு. இந்தி எழுத்தில் எகர ஏகாரத்தைப் பிரித்துக் காட்டத் தனித்தனி எழுத்து கிடையாது, நமக்கு இருக்கிறது. ஃபைட்டரின் பெயரான பெட்டா, ஏஞ்சலில் வரும் ஃபில்லம் போன்றவற்றில் வரும் இரட்டை மெய்யும் நம் நாக்குக்குப் பழக்கம்தான். ஆகவே எழுத்து எழுத்தாக, தமிழ் வாசிப்பது போல நிதானமாக வாசித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இங்கிலீஷ் மீடியம் படித்த பிள்ளைகளைவிட, தமிழில் எழுத்துக்கூட்டிப் பழகியவர்களுக்கு இது எளிதாக வரும் என்பது என் எண்ணம்.

அடுத்தது, 'சி', 'எச்' இரண்டும் சேர்ந்து வரும் இடம். கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களில் அது 'க்' ஒலி. சிக்லிட்தான் சரி, 'சிச்லிட்' இல்லை. பாரூர் மீன்வளப் பல்கலைக்கழக மையத்தோடு சேர்த்து நம் பக்கம் அதிகம் பேசப்படும் கிஃப்ட் திலாப்பியாவின் பெயர் ஒரியோக்ரோமிஸ் நைலோட்டிகஸ். அதை 'ஒரியோச்ரோமிஸ்' என்று வாசித்துவிடக் கூடாது. விரால் மட்டும் விலக்கு. சன்னா என்பதும் கிரேக்க வேர்தான், விதிப்படி 'கன்னா' என்று வரவேண்டும். ஆனால் நம் நாட்டில் எல்லோரும் சன்னா என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அதைப் போய்த் திருத்த வேண்டாம்.

கப்பியின் பேரினத்தை, அதாவது பெயரின் முன்பாதியை, 'போயசிலியா' என்கிறார்கள். அங்கே 'ஓ', 'ஈ' என்ற ஆங்கில எழுத்துகள் இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி. ஆங்கில மரபில் பீசிலியா, பழைய லத்தீன் மரபில் பொய்கிலியா. இரண்டில் எதைச் சொன்னாலும் தப்பில்லை. விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பு எழுத்துக்கூட்டலைத்தான் கட்டுப்படுத்துகிறது, உச்சரிப்புக்குச் சட்டம் போடவில்லை. இதனால்தான் ஏஞ்சலின் டெரோஃபில்லம் போல, ஆங்கில எழுத்தில் சொற்தொடக்கத்தில் 'பி', 'டி' சேர்ந்து வரும்போது 'பி'யை விட்டுவிடுவதும் செல்லும், சேர்த்துச் சொல்வதும் செல்லும்.

ஆள் பெயரும் ஊர் பெயரும் வரும் இடத்தில்தான் எனக்கு மனம் அதிகம் வருந்துகிறது. காவிரிப் படுகைக்கே உரிய பெரிய கூன்முதுகு மஹ்சீர், இன்றைக்கு மிகவும் அழிவின் விளிம்பில் இருக்கும் மீன். 2018-ல்தான் அதன் அறிவியல் அடையாளம் டோர் ரெமாதேவி என்ற இனம் என்று உறுதியானது. அந்தப் பெயர் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் விஞ்ஞானி கே. ரெமா தேவியைக் குறிப்பது. ஒகேனக்கல் ஆற்றைப் பார்த்து வளர்ந்த நாமே அதை 'ரெமடெவியை' என்று வெள்ளைக்காரர் வாசிப்பது போல வாசிப்பது நியாயமா? தேவி என்றே சொல்லி, கடைசியில் வரும் இரண்டாவது ஆங்கில 'ஐ' எழுத்துக்கு ஓர் இகரம் சேருங்கள். மிஸ் கேரளா என்ற மீனின் பேரினம் சஹ்யாத்ரியா. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெயர் அது, 'சயாட்ரியா' அல்ல. அதன் பின்பாதியான டெனிசோனி, சென்னை மாகாண கவர்னராக இருந்த வில்லியம் டெனிசனைக் குறிப்பது. அதிலும் கடைசி 'ஐ' இரண்டு. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியின் பெயரான க்ளாரியஸ் கரியெபைனஸிலும் ஓர் இடத்தின் பெயர் ஒளிந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு நதிக்கு அங்குள்ள பழைய பெயர் கரீப். உள்ளே யார் இருக்கிறார், எந்த ஊர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் உச்சரிப்பு தானாக வரும்.

தமிழில் எழுதி வைத்துப் படிப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு வல்லினத்தின் அழுத்தமான ஒலிக்கும் மென்மையான ஒலிக்கும் நம்மிடம் ஒரே எழுத்து. 'பெட்டா' என்று எழுதிய சீட்டைப் பார்த்துப் புதியவர் 'பேட்டை'யின் பகரம் போல அழுத்திப் படித்துவிடுவார். ஃபைட்டரின் பெயரில் வருவது 'பந்து' என்பதில் பலர் சொல்லும் மென்மையான பகரம். அப்புறம், ஆர்டர் கொடுக்கும்போது வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டு, ஆங்கில எழுத்திலும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, பட்டியலில் கோரிடோராஸ் என்பதற்குப் பின்னால் 'எஸ்.பி.' என்று இருக்கும். அது மீனின் பெயர் அல்ல. கோரிடோராஸில் ஏதோ ஓர் இனம், எது என்று குறிப்பிடவில்லை என்று அர்த்தம். வாசிக்கும்போது 'ஸ்பீஷீஸ்' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். 'பி' எழுத்து இரண்டு இருந்தால் பல இனங்கள். அப்படி வந்த பையில் எந்தெந்த மீன் கலந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.