ஒரே 10 யூரோ நோட்டு, வேறு வேறு அச்சகங்கள்: ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

நோட்டு சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 2002-இல் புழக்கத்துக்கு வந்த பழைய 10 யூரோ. ராபர்ட் கலினா வடிவமைத்த ஒரே நோட்டைப் பல நாட்டு அச்சகங்கள் அச்சிட்டன. பாரிஸிலோ ஜெர்மனியிலோ சொந்தக்காரர்கள் இருந்தால் சொல்லிவைத்து வாங்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் நல்ல பகல் வெளிச்சமும் போதும்.

படி 1: வரிசை எண்

நோட்டின் பின்பக்கம் பாருங்கள். ஓர் எழுத்தும் 11 இலக்கங்களும் இருக்கும். எக்ஸ் என்றால் ஜெர்மனி, யு பிரான்ஸ், எஸ் இத்தாலி, வி ஸ்பெயின். பலரும் இதை வைத்தே அச்சகத்தை முடிவு செய்துவிடுகிறார்கள். அது தவறு. எந்த நாட்டு மத்திய வங்கியின் பொறுப்பில் வந்த நோட்டு என்பதை மட்டுமே அந்த எழுத்து சொல்லும். அச்சடித்த இடம் வேறு நாடாகவும் இருக்கலாம்.

படி 2: ஒளிந்திருக்கும் குறியீடு

முன்பக்கத்து நட்சத்திர வட்டத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு, எட்டு மணி இடத்திலுள்ள நட்சத்திரத்துக்குள் லென்ஸை வையுங்கள். (20 யூரோவில் ஒன்பது மணி நட்சத்திரம்.) 'ஆர் 001 ஏ 1' என்பதுபோல் பொடி எழுத்தில் இருக்கும். ஆர் என்பது பெர்லினின் புண்டஸ்ட்ருக்கரை அச்சகம். 001 அச்சுத் தகட்டின் எண். கடைசி இரண்டும், வெட்டுவதற்கு முன் பெரிய தாளில் இந்த நோட்டு எங்கே இருந்தது என்பதைக் காட்டும். எல் என்றால் பிரான்ஸ் வங்கியின் அச்சகம், ஜி என்றால் நெதர்லாந்தின் யோஹான் என்ஸ்கெடே.

பாரிஸின் முதல் எழுத்தான பி-யில் மட்டும் கவனம் தேவை. வரிசை எண்ணில் வந்தால் அது நெதர்லாந்து. நட்சத்திரத்துக்குள் வந்தால் ஜெர்மனியின் கீசெக்கே உண்ட் டெவ்ரியன்ட்!

படி 3: ஜோடி சேர்த்தல்

கையொப்பம் ஒன்றாக இருக்கும் நோட்டுகளையே ஒப்பிடுங்கள். ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவர்களாக இருந்த டௌசன்பெர்க், திரிஷே, டிராகி ஆகியோரில் ஒருவரின் கையொப்பம் இருக்கும். இரண்டும் ஒரே அளவுக்குப் புழங்கியிருக்க வேண்டும். கசங்கிய நோட்டையும் புது நோட்டையும் வைத்து நிறத்தைப் பேசுவதில் அர்த்தமில்லை.

படி 4: பக்கத்தில் வைத்துப் பார்த்தல்

முன்பக்கத்து வளைவின் கோடுகளை லென்ஸில் பாருங்கள். மை எவ்வளவு மேடாக நிற்கிறது, கோட்டின் விளிம்பு கூர்மையா, சிவப்பு எவ்வளவு அடர்த்தி? ஸ்கேன் செய்தால் இரண்டையும் ஒன்றாக வைத்தே செய்யுங்கள். தனித்தனியாகச் செய்தால் இயந்திரம் நிறத்தைத் தானே சரிசெய்து ஏமாற்றிவிடும்.

வெள்ளை ஓரத்தின் அகலத்தை நம்பாதீர்கள். தாளை வெட்டும்போது கொஞ்சம் நகர்ந்தாலே அது மாறும். எல்லா அச்சகங்களும் ஒரே தர அளவுகளுக்குக் கட்டுப்பட்டவை என்பதால், ஒரு நோட்டில் தெரியும் வித்தியாசத்தை அச்சகத்தின் தலையில் கட்டக் கூடாது. அதே குறியீட்டு எழுத்துள்ள நாலைந்து நோட்டுகளிலும் அது தொடர்ந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், 2014-இல் வந்த புதிய 10 யூரோவுக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது. அதில் வரிசை எண்ணின் முதல் எழுத்தே அச்சகத்தைக் காட்டுகிறது. அங்கே பி என்றால் என்ஸ்கெடே. பழையதையும் புதியதையும் ஆல்பத்தில் தனித்தனிப் பக்கங்களில் வையுங்கள்.