வாட் அளவை நம்பி வாக்யூம் கிளீனர் வாங்காதீர்கள்
அலுவலகம், விடுதி போன்ற பெரிய இடங்களின் துப்புரவுக்கு வாக்யூம் கிளீனர் தேர்ந்தெடுக்கும்போது, வாட் அளவை ஒதுக்கிவிட்டு, விவரக் குறிப்பில் உள்ள காற்றோட்டம் (நொடிக்கு எத்தனை லிட்டர்), உறிஞ்சும் அழுத்தம் (கிலோபாஸ்கல்) ஆகிய இரண்டையும் சேர்த்து ஒப்பிடுங்கள். வாட் என்பது மோட்டார் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தை மட்டுமே சொல்கிறது. கம்பள இழைகளுக்குள் அடைந்த மண்ணைப் பெயர்ப்பதற்கு அழுத்தமும், பெயர்த்ததைக் குழாய் வழியே பை வரை சுமந்து செல்வதற்குக் காற்றோட்டமும் தேவைப்படுவதால், இவற்றில் ஒன்று குறைந்த கருவி அதே இடத்தை மீண்டும் மீண்டும் இழுக்க வைத்து வேலை நேரத்தை விழுங்கிவிடும். பை நிறைய நிறைய இவ்விரண்டுமே தளரும் என்பதால், பெரிய பை உள்ளதே மேல் என்பது என் கருத்து. தண்ணீர் தேங்கும் தரைக்கும் சிமென்ட் தூசிக்கும் இந்த ஒப்பீடு மட்டும் போதாது. முன்னதற்கு ஈரத்தையும் உறிஞ்சும் வகைக் கருவியும், பின்னதற்கு எம் வகுப்பு (நடுத்தர அபாயமுள்ள நுண்தூசியைத் தடுக்கும் தரம்) தூசி வடிகட்டலும் கட்டாயம் வேண்டும்.