களிமண் யானையின் தும்பிக்கை உதிராமலிருக்க: என் அனுபவம்

எல்.கே.ஜி. குழந்தைகள் செய்யும் களிமண் யானைகளுக்கு மறுநாளே தும்பிக்கை உதிர்வதும் வயிற்றில் விரிசல் விழுவதும் எங்கள் மதுரை வகுப்பறையில் வாடிக்கையாக இருந்தது. வெயிலில் மேற்பரப்பு மட்டும் விரைவாக உலர்ந்து சுருங்க, உள்ளே ஈரம் தங்கிவிடுவதே விரிசலுக்குக் காரணம். உறுப்புகள் உதிர்வதற்கோ, ஒட்டுமிடம் வழவழப்பாக இருப்பதே காரணம்.

கொலு பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற விளாச்சேரியிலிருந்து வாங்கிவந்த மண்ணில், சலித்த ஆற்றுமணலைச் சிறிதளவு கலந்து பிசைந்தேன். மணல் சேர்ந்தால் மண்ணின் சுருக்கம் குறையும். தும்பிக்கையை ஒட்டுவதற்கு முன், ஒன்றோடொன்று ஒட்டவேண்டிய இரு பரப்புகளையும் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தோசைமாவுப் பதத்தில் கரைத்த மண்கூழைத் தடவி அழுத்தச் சொன்னேன். கீறுவதுதான் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த வேலை. சிலர் யானையின் முதுகு முழுவதையும் கீறிவிடுகிறார்கள், அதைத் தடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

உள்ளே ஈரம் தங்காமலிருக்க, வயிற்றின் அடிப்பக்கத்தை மட்டும் நானே கரண்டிக் காம்பால் குடைந்துவிடுகிறேன். பிறகு செய்தித்தாளின் மீது வைத்து, ஈரத்துணியால் மூடி, நிழலில் மெதுவாக உலரவிடுகிறோம். தாள் இருப்பதால் மண் சுருங்கும்போது கால்கள் பலகையில் ஒட்டிக்கொண்டு பிளப்பதில்லை. சுடாத மண் என்பதால், போஸ்டர் கலரில் தண்ணீர் மிகுந்தால் மண்ணும் கரைந்து தூரிகையோடு வந்துவிடும். ஆகவே வண்ணத்தைக் கெட்டியாகவே கொடுக்க வேண்டும்.