சேம்பரில் காது வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள்

போன வாரம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன் பையன், உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை (சேம்பர் என்ற மூடிய அறையில் அழுத்தத்தை ஏற்றி ஆக்சிஜன் சுவாசிக்க வைப்பது) முடிந்து இறங்கிய ஒரு அம்மாவிடம், "காது அடைப்பாம்மா? நாளைக்குச் சரியாகிடும்" என்று சொல்லி அனுப்பப் பார்த்தான். வேலைக்கு வந்த புதிதில் நானும் அதையே சொன்னவன். செல்போன், தீப்பெட்டி, தலையில் எண்ணெய் கூடாது என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

காது வலியை மறைப்பது

இந்தச் சிகிச்சையில் அதிகம் அடிபடுவது காதுதான். சேம்பரில் வெளிக்காற்றைப் போல 2.4 மடங்கு அழுத்தம் என்றால், கடலில் 14 மீட்டர் ஆழம் இறங்கிய மாதிரி. அழுத்தம் இரண்டு மடங்கானாலே செவிப்பறைக்குப் பின்னால் உள்ள காற்று பாதியாகச் சுருங்கிவிடும். எச்சில் விழுங்கியோ, மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதியோ அங்கே காற்று போக வழி செய்யாவிட்டால் செவிப்பறை உள்ளே இழுபடும். முதலில் அடைக்கும், அப்புறம் குத்தும். அடைக்கும்போதே கையைத் தூக்குங்கள். அழுத்தம் ஏற்றுவதை நிறுத்துவோம், கொஞ்சம் இறக்குவோம், காது திறந்ததும் தொடர்வோம்.

பலர் கையைத் தூக்குவதில்லை. செஷன் வீணாகிவிடும், கட்டிய பணம் போய்விடும் என்ற பயம். காலில் சர்க்கரைப் புண்ணோடு வந்த ஒரு பெரியவர் அப்படித்தான். அன்று அவருக்குச் சளி, யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன்: மூக்கைப் பிடித்து, கழுத்து நரம்பு புடைக்க ஊதிக்கொண்டிருந்தார். மைக்கில் கேட்டால் "ஒண்ணுமில்ல தம்பி" என்றார். வெளியே வந்ததும் இடது காது அடைத்திருப்பதாகவும், தலை லேசாகச் சுற்றுவதாகவும் சொன்னார். "சூயிங்கம் மெல்லுங்கள் ஐயா, காலையில் திறந்துவிடும்" என்று அனுப்பிவிட்டேன்.

நான்காம் நாள் வந்தார். போன் அடித்ததும் வழக்கம்போல இடது காதில் வைத்தார். உடனே வலது காதுக்கு மாற்றிக்கொண்டார். நடுக்காதுக்கும் உள்காதுக்கும் இடையில் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்திருக்கிறது என்றார் இஎன்டி டாக்டர். போன கேட்கும் திறன் முழுதாகத் திரும்பவில்லை. அந்த நான்கு நாட்களுக்கு நானும் பொறுப்பு. இன்றும் யாராவது "நாளைக்குச் சரியாகிடும்" என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

லேசான அடைப்பு மட்டும் என்றால், அடுத்த செஷனுக்கு முன் டாக்டரிடம் காதைக் காட்டினால் போதும். ஆனால் கேட்பது மங்கினால், அறையே சுற்றினால், புதிதாக இரைச்சல் வந்தால், காதில் ரத்தமோ நீரோ வடிந்தால் அன்றைக்கே இஎன்டி டாக்டரைப் பாருங்கள். ராத்திரியானால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பார்க்கும் வரை மூக்கைப் பிடித்து ஊதாதீர்கள்.

நெஞ்சு வலியை வாயு என்று நினைப்பது

அழுத்தம் இறங்கும்போது நுரையீரலில் உள்ள காற்று விரியும். அப்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியலாம். அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்து. சேம்பரை விட்டு வந்தபின் திடீர் நெஞ்சுக் குத்தல், மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, பேச்சுக் குழறல் என்று எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். சேம்பர் சிகிச்சை எடுத்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்; இல்லையென்றால் அந்தக் கோணத்தில் யாரும் தேடமாட்டார்கள்.

வெறும் வயிற்றில் வருவது

உள்ளே இருக்கும்போது சர்க்கரை இறங்கும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வருபவர்களை எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். வியர்வை, நடுக்கம், குழப்பம் என்றால் உள்ளேயிருந்தே சொல்லுங்கள். உதடு துடிப்பது, குமட்டல், பார்வை குறுகுவது, காதில் ரீங்காரம் இவை ஆக்சிஜன் அதிகமானதற்கு அறிகுறியாகவும் இருக்கலாம், அடுத்தது வலிப்பு. சொன்ன உடனே ஆக்சிஜனை நிறுத்துவோம். வீட்டுக்குப் போனபின் வலிப்போ மயக்கமோ வந்தாலும் 108தான்.

அவசரமாகப் புதுக் கண்ணாடி வாங்குவது

வேண்டாம். பல செஷன்களுக்குப் பிறகு தூரப் பார்வை மங்குவது பெரும்பாலும் சிகிச்சை முடிந்து சில வாரம், சில மாதத்தில் திரும்பிவிடும். ஒரு கண் திடீரென இருண்டால் மட்டும் அன்றே ஓடுங்கள்.

சளியோடு வருவது

கிளம்பும் முன் போன் செய்யுங்கள். செஷனை வேறு நாளுக்கு மாற்றித் தருகிறோம்.