வானில் புரியாத ஒன்றைப் பார்த்தால்: பிரான்சின் ஜெய்பானுக்குத் தகவல் தருவது எப்படி?

பிரான்சில் பறக்கும் தட்டு சமாச்சாரங்களை விசாரிக்கும் பொறுப்பு ராணுவத்திடம் இல்லை, விண்வெளி நிறுவனத்திடம் இருக்கிறது. துலூஸ் நகரில், தேசிய விண்வெளி ஆய்வு மையத்துக்குள் ஜெய்பான் (GEIPAN) என்ற சின்னப் பிரிவு இதற்கென்றே இயங்குகிறது. 1977-இல் வேறு பெயரில் தொடங்கியது. 2005-இல் இந்தப் பெயர் வந்தது. 2007 முதல் விசாரணைக் கோப்புகளை இணையத்திலேயே வெளியிடுகிறார்கள்.

விசாரணை முடிந்ததும் ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஓர் எழுத்து விழும். ஏ என்றால் இன்னதுதான் என்று உறுதி. பி, பெரும்பாலும் இன்னது. டி என்றால் தகவல் நன்றாக இருந்தும் விளங்கவில்லை. இதில் சேர்பவை மிகக் குறைவு. நடுவில் இருக்கும் சி-தான் வீண்: தகவல் போதாததால் எதுவும் சொல்ல முடியாதவை. இந்தக் கட்டுக்குள் போகிறவை ஏராளம். பார்த்தவர் பொய் சொன்னார் என்பதல்ல காரணம், மணியும் திசையும் உயரமும் சரியாகக் குறிக்கவில்லை, அவ்வளவுதான்.

எனவே பார்க்கும்போதே அளந்துவிடுங்கள். நின்ற இடத்தை விட்டு நகராமல் ஒரு கூரை முனையையோ விளக்குக் கம்பத்தையோ அடையாளமாக வைத்துப் பாருங்கள். இருட்டில் தனியாகத் தெரியும் புள்ளியை உற்றுப் பார்த்தால், அது அசையாவிட்டாலும் அசைவதுபோலத் தோன்றும். கம்பத்தோடு ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். தொடங்கிய நேரம், மறைந்த நேரம் இரண்டையும் கைபேசியைப் பார்த்துக் குறியுங்கள். திசைக்குக் கைபேசியின் திசைகாட்டி போதும். அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்கக் கையை முழுக்க நீட்டி முஷ்டி பிடியுங்கள்: ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை, சுண்டு விரலின் அகலம் 1 பாகை. முழு நிலா அரைப் பாகைதான்.

"பேருந்து அளவு இருந்தது, 200 மீட்டர் தள்ளிப் போனது" என்று எழுதாதீர்கள். தூரம் தெரியாத பொருளின் அளவும் வேகமும் யாருக்கும் தெரியாது. "நீட்டிய கையின் சுண்டு விரலில் பாதி அகலம் இருந்தது" என்ற ஒரு வரி விசாரிப்பவருக்கு அதைவிடப் பயன்படும். கூட இருந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு முன்பே தனித்தனியாக எழுதி, படமும் வரைந்துவிடட்டும். பேசிவிட்டால் இரண்டு சாட்சியம் ஒன்றாகிவிடும்.

புகைப்படத்தில் ஜூம் வேண்டாம். குவியம் தவறினால் ஒளிப்புள்ளி வட்டத் தட்டாக விரியும். "தட்டு" படங்கள் பலவற்றின் ரகசியம் இதுதான். கூரையோ மரமோ சட்டகத்துக்குள் இருக்கட்டும். மூலக் கோப்பையே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாகப் பகிர்ந்தால் எடுத்த நேரமும் கேமரா விவரமும் அழிந்துவிடும்.

அனுப்பும் முன், வழக்கமாக ஏமாற்றும் பொருள்களை விலக்கிப் பாருங்கள். அந்தி மேற்கிலோ விடியல் கிழக்கிலோ அசையாமல் பளிச்சிட்டால் வெள்ளிக் கோளாக இருக்கலாம். வான வரைபடம் காட்டும் ஸ்டெல்லாரியம் செயலியில் அந்த நேரத்தைப் போட்டுப் பார்த்தால் தெரியும். 2019 மே முதல் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏவப்பட்ட சில நாளைக்கு வரிசையாகப் போவதும் அடிக்கடி ஏமாற்றும். ஆரஞ்சு நிறம், சத்தமில்லை, காற்றடிக்கும் பக்கமே நகர்ந்து ஒவ்வொன்றாக அணைந்தது என்றால் வானில் பறக்கவிடும் காகித விளக்குகள். காற்றின் திசையைக் குறித்திருந்தால் இதை அங்கேயே முடிக்கலாம்.

இத்தனைக்கும் பிறகும் விளங்காவிட்டால் ஜெய்பான் தளத்திலுள்ள கேள்விப் படிவத்தை நிரப்பலாம், அல்லது ஜாந்தார்மரி என்ற பிரெஞ்சுக் காவல் படையின் நிலையத்தில் வாக்குமூலம் தரலாம். தரையில் தடயம் இருந்தால் உடனே ஜாந்தார்மரிதான். மிதிக்காதீர்கள், தொடாதீர்கள், மழை வருமுன் கூப்பிடுங்கள். 1981 ஜனவரி 8 அன்று தென்கிழக்கு பிரான்சின் ட்ரான்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் என்ற ஊரில் ஒரு பொருள் இறங்கி எழுந்ததாகத் தகவல் வந்தபோது, மறுநாளே ஜாந்தார்ம்கள் மண்ணும் செடியும் எடுத்தார்கள். தடயத்தில் எடுத்த மாதிரியோடு, பாதிக்கப்படாத பக்கத்து இடத்திலிருந்தும் ஒப்பீட்டு மாதிரி எடுக்க வேண்டும்; அது இல்லாத ஆய்வுக்கு மதிப்பில்லை.

பிறகு வேலை அவர்களுடையது: வானிலைப் பதிவு, கோள்நிலை, விமானப் போக்குவரத்து, தேவைப்பட்டால் ராடார். பயிற்சி பெற்ற தன்னார்வ விசாரணையாளர் உங்களை அதே இடத்தில் நிற்கவைத்துக் கோணங்களை மறுபடி அளக்கக்கூடும். மாதக்கணக்கில் ஆகலாம். வெளியிடும் கோப்பில் உங்கள் பெயர் வராது. ஊர், மாவட்ட எண், தேதிதான் தலைப்பு. பழைய டி கோப்புகளைத் திரும்பத் திறந்து ஏ, பி என்று மாற்றிய சம்பவங்கள் பல உண்டு. ஆகையால் படிவம் அனுப்பிய பிறகு புதிதாக ஒரு படமோ இன்னொரு சாட்சியோ கிடைத்தால், அதையும் அதே கோப்புக்கு அனுப்பிவையுங்கள்.